காலம் மட்டும் கனியவைப்பதில்லை



இவ்வாரச் சிந்தனைக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் உங்களில் சிலருக்கு வியப்பளிக்கலாம். முதிய திராட்சைக் கொடிகளின் கனியிலிருந்து பிழியப்பட்டு, புட்டியில் அடைக்கப்பட்டு, ஆண்டுக்கணக்கில் இருட்டில் கிடத்தப்படும் சிவப்புத் திராட்சரசத்தைப் பற்றி எழுதப்போகிறேன். மதுவினால் சிதைந்த இல்லங்களில் நள்ளிரவில் முழங்காற்படியிட்டு, கண்ணீரோடு எழுந்து வந்தவன் நான். அக்காரியத்தில் என் எண்ணம் இன்றும் மாறவில்லை. இதை வாசித்து எவரும் குடிக்கத் தொடங்கவேண்டாம். எனினும் நோவா நட்ட தோட்டம் முதல் மேல்வீட்டறையின் பாத்திரம் வரை வேதம் முழுவதும் திராட்சைக் கொடி படர்ந்திருக்கிறது. திருவிருந்தில் கிண்ணத்தை உயர்த்தும் என் கைகளுக்கு, அதனுள் இருப்பது எவ்வாறு உண்டாகிறது, எவ்வாறு முதிர்கிறது என்பது ஐம்பது வயதைக் கடந்தும் தெரியாதிருந்தது. சென்ற ஆண்டு லெந்து காலத்தில் அதைக் கண்ணால் கண்டேன். அங்கே கற்றுக்கொண்டது திராட்சரசத்தைப் பற்றி மட்டுமன்று என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

என் மகள் ஆஸ்திரேலியாவின் அடிலெய்ட் நகரில் செவிலியராகப் பணிபுரிகிறாள். அவளைக் காணச் சென்றபோது, அவள் வழிபடும் சபையின் முதியவர் ஒருவர், வடகிழக்கே ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கும் பரோசா பள்ளத்தாக்கிலுள்ள தமது தோட்டத்திற்கு எங்களை அழைத்தார். வயது எண்பத்தொன்று. நான்கு தலைமுறையாகத் திராட்சை பயிரிடும் லுத்தரன் குடும்பம்.

பரோசாவுக்கும் நமக்கும் ஓர் உறவு உண்டு. அதைச் சொல்லாமல் மேலே செல்ல இயலாது. பிரஷ்ய மன்னர் மூன்றாம் ஃபிரெட்ரிக் வில்லியம், லுத்தரன் சபையையும் சீர்திருத்த சபையையும் ஒன்றாக்கி, தாம் வகுத்த புதிய வழிபாட்டு முறையைக் கட்டாயமாக்கினார். அதற்கு இணங்காத மக்களை வழிநடத்திக்கொண்டு, 1838-இல் ஆகஸ்ட் காவெல் என்னும் போதகர் தென் ஆஸ்திரேலியாவில் வந்திறங்கினார். அம்மக்களும் அவர்களைப் பின்தொடர்ந்து வந்தவர்களும் 1842-இல் பரோசாவில் பெத்தானி என்ற ஊரையும், அடுத்த ஆண்டு லாங்மைல் என்ற ஊரையும் அமைத்தார்கள். அதே 1838-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் டிரெஸ்டன் மிஷன் சங்கம், டைக்கல்மான், ஷூர்மான் என்ற இரு ஊழியர்களை அடிலெய்டின் பூர்வகுடிகளிடத்தில் அனுப்பியது. இரண்டு ஆண்டுகள் கழித்து, 1840-இல், அதே சங்கம் கார்டெஸ் என்பவரை நமது தரங்கம்பாடிக்கு அனுப்பியது. பின்னாளில் லைப்சிக் மிஷன் என்று பெயர் பெற்று, நமது தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உருவாகக் காரணமாக இருந்தது இந்தச் சங்கமே. ஒரே கையிலிருந்து சிதறிய விதைகள் இரண்டு கண்டங்களில் விழுந்திருக்கின்றன. தரங்கம்பாடிக்கு அருகிலுள்ள சிற்றூரில் பிறந்த எனக்கு, அந்த முதியவரின் வீட்டுச் சுவரில் தொங்கிய லுத்தரின் படம் அந்நியமாகத் தோன்றவில்லை.

அறுவடைக் காலம் அது. காலையில் அவர் எங்களைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். நம் தேனி மாவட்டத்தின் கம்பம் பள்ளத்தாக்கில் காண்பதுபோல் பந்தலில் படர்ந்த கொடிகளை எதிர்பார்த்துச் சென்றேன். அங்கே பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. இடுப்பளவு உயரத்தில், முறுக்கிப் பிழிந்த துணியைப்போல் திருகி, உள்ளே பொந்து விழுந்து, சில இடங்களில் இரண்டாகப் பிளந்தும் நின்றன அடிமரங்கள். அவற்றில் பல அவருடைய கொள்ளுத்தாத்தா நட்டவை. பரோசாவில் முதிய கொடிகளுக்கென்று 2009-இல் ஒரு சாசனமே வகுத்திருக்கிறார்கள். 35 ஆண்டுகளைக் கடந்தால் முதிய கொடி. 70 ஆண்டுகளைக் கடந்தால் தப்பிப் பிழைத்த கொடி. 100 ஆண்டுகளைக் கடந்தவை நூற்றாண்டுக் கொடி. 125 ஆண்டுகளைக் கடந்தவை மூதாதைக் கொடி. லாங்மைலில் 1843-இல் நடப்பட்டவை என்று சொல்லப்படும் ஷிராஸ் கொடிகள் இன்றும் காய்க்கின்றன.

இவை எவ்வாறு பிழைத்தன? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஃபிலாக்செரா என்னும் வேர்ப்பேன் ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களில் பெரும்பகுதியை அழித்தது. அமெரிக்கக் கொடிகளின் வேர்த்தண்டில் ஒட்டுக்கட்டியே அங்கே மறுபடி நட நேர்ந்தது. அப்பூச்சி தென் ஆஸ்திரேலியாவிற்குள் நுழையவில்லை. ஆகவே பரோசாவின் முதிய கொடிகள் தங்கள் சொந்த வேரிலேயே நிற்கின்றன. பூச்சி செய்யாததை 1980-களின் நடுவில் சந்தை செய்யப் பார்த்தது. திராட்சை மிகுந்து விலை வீழ்ந்தபோது, கொடிகளைப் பிடுங்குவோருக்கு அரசே பணம் தந்தது. நூறாண்டு கண்ட கொடிகள் பல அக்காலத்தில் தீக்கிரையாயின. "நீங்கள் ஏன் பிடுங்கவில்லை?" என்று கேட்டேன். "பிடுங்கத்தான் எண்ணினேன், பாஸ்டர். இன்னும் ஓர் ஆண்டு பார்ப்போம் என்று என் மனைவி சொன்னாள்" என்றார் அவர்.

முதிய கொடி மிகுதியாகக் காய்ப்பதில்லை. இளங்கொடி தரும் குலைகளில் ஒரு பங்கையே தரும். ஆனால் அக்கனியில் சாறு செறிந்திருக்கும். ஆழ வேர்விட்ட கொடி வறண்ட ஆண்டையும் தாங்கும். எனினும் வயதை மட்டும் வைத்து எந்தக் கொடியையும் மெச்சவேண்டாம் என்றார் அவர். நல்ல நிலத்தில் நின்று, ஆண்டுதோறும் கவாத்துக் கண்ட கொடிக்கே முதுமை அழகு. அவருடைய தோட்டத்தில் மூன்று இனங்கள் உண்டு: கிரனாஷ், ஷிராஸ், மட்டாரோ. மூன்றையும் கலந்தே அக்குடும்பம் திராட்சரசம் செய்துவருகிறது.

மதிய உணவிற்குப் பின் அவர் நிலவறையிலிருந்து மூன்று புட்டிகளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். ஒரே தோட்டம், அதே மூன்று இனங்கள். ஆண்டுகள் மட்டும் வேறு: 2021, 2010, 1990. என் மனச்சாட்சியை அவர் அறிந்திருந்தார். சுவை பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள் நாவில் வைத்து உணர்ந்தபின் உமிழ்ந்துவிடுவார்கள் என்று சொல்லி, ஒரு மண்கலத்தை என் பக்கம் நகர்த்தினார். அவ்வாறே செய்தேன்.

2021-ஆம் ஆண்டின் ரசம் நாவற்பழச் சாற்றின் ஊதா நிறத்தில் இருந்தது. முகர்ந்தால் பழவாசனை முன்னே வந்து நின்றது. அதன் பின்னால் மிளகு. வாயில் வைத்ததும் வாழைப்பூவைப் பச்சையாகக் கடித்ததுபோல் நாவும் ஈறும் துவர்த்து இறுகின. முதியவர் ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டினார். முதலில் எழும் இனிய பழமணம் கிரனாஷ். அது வெளிர்நிறமும் மென்மையும் உடையது, காற்றுப்பட்டால் எளிதில் கெடும். மிளகு வாசமும் அடர்நிறமும் ஷிராஸ். இறுதியில் பற்களைப் பற்றிக்கொள்ளும் துவர்ப்பும் மண்வாசனையும் மட்டாரோ. அது முரடு, ஆனால் காற்றை எதிர்த்து நிற்கும். "மூவரும் ஒரே அறையில் இருக்கிறார்கள், பாஸ்டர். ஆனால் இன்னும் ஒருவரோடு ஒருவர் பேசத் தொடங்கவில்லை" என்றார்.

2010-ஆம் ஆண்டின் புட்டியைத் திறக்குமுன் அவர் காட்டிய நிதானத்தைக் கவனித்தேன். முந்தின நாளே அதை எழுப்பி நிறுத்தி வைத்திருந்தார். தக்கையை மெல்ல உருவி, புட்டியின் கழுத்தருகே ஒரு விளக்கை வைத்து, ஒரே சீராக வேறொரு கண்ணாடிக் குடுவையில் வார்த்தார். கழுத்தில் கருமையான துகள் தெரிந்ததும் நிறுத்திவிட்டார். அடியில் கொஞ்சம் வண்டல் தங்கியது.

அந்த வண்டலே முதிர்ச்சியின் சாட்சி என்று விளக்கினார். திராட்சையின் தோலிலும் விதையிலுமிருந்து டானின் எனப்படும் துவர்ப்புப் பொருள் வருகிறது. தோலிலிருந்து நிறமிகள் வருகின்றன. தக்கையின் வழியே மிகச் சிறிதளவு ஆக்ஸிஜன் ஆண்டுக்கணக்கில் உள்ளே கசிகிறது. அதன் துணையோடு துவர்ப்பும் நிறமும் ஒன்றையொன்று பற்றிப் பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. கரைந்திருக்க இயலாத அளவிற்குப் பெருத்தவை வண்டலாக அடியில் இறங்கிவிடுகின்றன. ஊதா நிறம் மாதுளைச் சிவப்பாகி, பின்பு விளிம்பில் செங்கல் நிறம் கொள்கிறது. பழத்தின் முதல் வாசனை அடங்கி, வேறு வாசனைகள் எழுகின்றன. நான் முகர்ந்தபோது உலர்ந்த அத்திப்பழமும், பழைய தோல் அட்டையிட்ட புத்தகமும், முதல் மழையில் நனைந்த மண்ணும் நினைவிற்கு வந்தன. துவர்ப்பு இருந்தது, ஆனால் கடிக்கவில்லை. இதில் எது கிரனாஷ், எது மட்டாரோ என்று கேட்டேன். அவர் சிரித்தார். "இனி என்னாலும் பிரித்துச் சொல்ல முடியாது" என்றார்.

இன்னொன்றும் சொன்னார். புட்டியில் அடைத்த சில ஆண்டுகளில் இத்தகைய ரசங்கள் சில ஊமையாகிவிடுவதுண்டாம். இளமையின் மணமும் போய், முதுமையின் மணமும் வராமல், கதவடைத்துக்கொண்டதுபோல் இருக்குமாம். அந்நாட்களில் திறந்து பார்ப்பவன், இதில் ஒன்றுமில்லை என்று தீர்ப்பிட்டுவிடுவான். பொறுத்திருந்தவனுக்கே அது மறுபடியும் வாய்திறக்கும். எங்கள் சபையில் திடப்படுத்தல் பெற்றபின் காணாமற்போன வாலிபர் சிலரை அப்போது நினைத்துக்கொண்டேன்.

மூன்றாவது புட்டியை எடுக்கையில் அவர் முகம் மாறியது. 1990 அவருடைய இளைய மகள் பிறந்த ஆண்டு. பன்னிரண்டு புட்டிகளை அவளுக்கென்று ஒதுக்கி வைத்தார்களாம். 2008-இல் ஒன்றைத் திறந்தபோது, தம் வாழ்நாளில் அதற்கு நிகரான ரசத்தைச் சுவைத்ததில்லை என்றார். "அதனால்தான் தவறு செய்தோம். இவ்வளவு சிறந்ததைச் சாதாரண நாளில் திறக்கக் கூடாது என்று நானும் என் மனைவியும் முடிவு செய்தோம். மகளின் திருமணம் வந்தது. கூட்டம் அதிகம், இத்தனை பேருக்குப் போதாது என்று விட்டோம். பேரன் பிறந்தான், அவன் ஞானஸ்நானத்தன்று வெயில் கொளுத்தியது, குளிர்காலம் வரட்டும் என்றோம். எங்கள் ஐம்பதாவது திருமண நாளுக்கு என்று வைத்தோம். அதற்கு ஓர் ஆண்டு முன்பே அவள் போய்விட்டாள்."

புட்டியில் ரசத்தின் மட்டம் கழுத்திலிருந்து தோள்வரை இறங்கியிருந்தது. தக்கை நொறுங்கித் துண்டுதுண்டாக வந்தது. வார்த்தபோது பழுப்பு நிறம். ஊறுகாய்ச் சாடியின் அடியைப்போல் புளித்த வாசம். நான் நாவில் வைக்குமுன் அவர் கையமர்த்தினார். "வேண்டாம், பாஸ்டர். இது செத்துவிட்டது." பின்பு, யாரிடமும் சொல்லாததுபோல், "நல்ல நாட்கள் வந்துகொண்டேதான் இருந்தன. அவை போதாது என்று நாங்கள்தான் நினைத்தோம்" என்றார்.

அன்று மாலை அவர் எங்களை லாங்மைல் ஆலயத்திற்கு அழைத்துச் சென்றார். காவெல் போதகரின் கல்லறை அங்கே இருக்கிறது. தனுண்டா என்ற அச்சிற்றூரில் ஒன்றுக்கு மேற்பட்ட லுத்தரன் ஆலயங்கள் இருப்பதைக் கண்டு காரணம் கேட்டேன். விசுவாசத்திற்காக நாடு துறந்து, உயிரைப் பணயம் வைத்துக் கடல் கடந்த அம்மக்கள், வந்து எட்டே ஆண்டுகளில், 1846-இல் பெத்தானியில் கூடிய சங்கத்தில் இரண்டாகப் பிரிந்தார்கள். காவெல் ஒரு பக்கம். பின்னால் வந்த ஃபிரிட்ஷே என்ற போதகர் மறுபக்கம். ஆயிர வருட அரசாட்சியைப் பற்றிய போதனையும் சபை ஒழுங்கும் காரணங்கள். அப்பிளவிலிருந்து வளர்ந்த இரு சபைகளும் ஒன்றிணைந்த ஆண்டு 1966. இடையில் 120 ஆண்டுகள்! பிளவிற்கு முன் நட்ட கொடிகள் பிளவைக் கண்டன, ஒன்றிணைந்ததையும் கண்டன, இன்றும் காய்க்கின்றன. பிளவில் நின்ற இரண்டு போதகர்களும் தங்கள் வாழ்நாளில் ஒற்றுமையைக் காணவில்லை.

அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எரேமியா 48-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம் மனதில் ஓடியது. மோவாப் தேசத்தைத் தீர்க்கதரிசி அங்கே திராட்சரசத்திற்கு ஒப்பிடுகிறார். இளமைமுதல் அசைவின்றித் தன் வண்டலின்மேலேயே கிடந்தது. ஒரு கலத்திலிருந்து மறுகலத்திற்கு வார்க்கப்படவில்லை. ஆகையால் அதன் சுவையும் வாசனையும் மாறவே இல்லை என்பது அதன் கருத்து. மதுரை அரசரடியில் இறையியல் கற்ற காலத்திலிருந்து இதைப் பலமுறை வாசித்திருக்கிறேன். சுவை மாறாதிருப்பதை ஏன் குற்றமாகச் சொல்கிறார் என்று ஒருநாளும் நின்று கேட்டதில்லை. பழைய ரசத்தைக் குடித்தவன் புதியதை உடனே விரும்பான் என்று நம் ஆண்டவர் சொன்னதை லூக்கா 5:39-இல் வாசிக்கிறோம். அதையும் "பழையது எதுவாயினும் நல்லது" என்று வசதியாகப் புரிந்துவைத்திருந்தேன். அக்காலத்தில் ரசம் தோற்பைகளிலும் மண்சாடிகளிலும் இருந்தது. கண்ணாடிப் புட்டியும் தக்கையும் சேர்ந்து நீண்டகால முதிர்ச்சிக்கு வழிவகுத்தது 17-ஆம் நூற்றாண்டிற்குப் பிறகே. காலம் எதையும் தானாகவே நல்லதாக்கிவிடும் என்று ஆண்டவர் எங்கும் சொல்லவில்லை. அதைச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

என் மூத்த அண்ணனைப் பற்றி இப்பக்கங்களில் நான் ஒருமுறையும் எழுதியதில்லை. எனக்கும் அவருக்கும் பதின்மூன்று வயது வித்தியாசம். எங்கள் தாய் இறந்தபோது எனக்கு ஒன்பது வயது. பேருந்துப் பணிமனையில் வேலை செய்துகொண்டிருந்த அண்ணனும், புதிதாக மணமாகி வந்த அண்ணியும் என்னை வளர்த்தார்கள். இறையியல் கல்லூரியில் நான் பயின்ற நான்கு ஆண்டுகளும் ஒரு மாதமும் தவறாமல் அவருடைய மணியார்டர் வந்தது. தகப்பனார் மறைந்தபின் வீட்டுப் பங்கைக் குறித்து எங்களுக்குள் பேச்சு எழுந்தது. உறவினர் பத்துப் பேர் கூடியிருந்த கூடத்தில், "தாயில்லாப் பிள்ளையின் பங்கைத் தின்றவர்" என்று அவரைப் பார்த்துச் சொன்னேன். சொன்னவன் குருத்துவ அபிஷேகம் பெற்ற நான். அது 2009-ஆம் ஆண்டு.

அதன்பின் ஊருக்குச் செல்வதை நிறுத்திவிட்டேன். அண்ணி அவ்வப்போது தொலைபேசியில் அழைப்பார். "தம்பி, ஒரு நாள் வந்துட்டுப் போங்க. உங்க அண்ணன் வாயைத் திறந்து சொல்லமாட்டாங்க, ஆனா எதிர்பார்க்குறாங்க." நான் ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் சொன்னேன். கிறிஸ்துமஸ் முடியட்டும் அண்ணி. ஆலயப் பிரதிஷ்டை முடியட்டும் அண்ணி. மகளின் தேர்வு முடியட்டும் அண்ணி. என் உள்ளத்தில் வேறொன்று இருந்தது: காலம் போகட்டும், தானாக ஆறிவிடும். இதே அறிவுரையை எத்தனை குடும்பங்களுக்குச் சொல்லியிருப்பேன்! 2021-இல் அண்ணி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். நான் அங்கி அணிந்து சென்று, அடக்க ஆராதனையில் வேதபாடம் வாசித்து, மாலைப் பேருந்தில் திரும்பிவிட்டேன். குருவானவராகப் போனேன், தம்பியாகப் போகவில்லை.

பரோசாவின் அந்த இரவில்தான் எனக்கு விளங்கியது. புட்டிக்குள் காலம் செய்யும் வேலைக்குச் சில நிபந்தனைகள் உண்டு. முதலாவது, மூன்று இனங்களும் ஒரே புட்டியில் இருக்கவேண்டும். தனித்தனிப் பீப்பாய்களில் நூறாண்டு இருந்தாலும் அவை ஒன்றாகா. பக்கத்துப் பக்கத்து ஆலயங்களில் 120 ஆண்டுகள் ஒரே பாட்டைப் பாடியும் ஒன்றாகாத சபைகளைப்போல. இரண்டாவது, புட்டி குளிர்ந்த இருளில், பன்னிரண்டு முதல் பதினைந்து பாகை வெப்பத்தில், தக்கை நனைந்திருக்கும்படி படுக்கவைக்கப்படவேண்டும். வெயிலில் வைத்த புட்டியும் வயதாகத்தான் செய்யும், ஆனால் முதிராது. மூன்றாவது, அதற்கென்று ஒரு வேளை உண்டு. அவ்வேளையில் ஒரு கை அதைத் திறக்கவேண்டும். நானோ அண்ணனோடு ஒரே கூரையின்கீழ் ஓர் இரவும் தங்கவில்லை. மனத்தாங்கலை ஒவ்வொரு நாளும் எடுத்து வெயிலில் காட்டினேன். திறக்கும் நாளைத் தள்ளிக்கொண்டே போனேன். இதைப் பொறுமை என்று பெயரிட்டு அழைத்தேன்.

ஊர் திரும்பிய இரண்டாம் வாரம், முன்னறிவிப்பின்றி ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அண்ணன் வீட்டிற்குச் சென்றேன். அவர் திண்ணையில் அமர்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழ முயன்று, முழங்கால் இடம் கொடாமல் மீண்டும் அமர்ந்தார். "சாப்பிட்டியா?" என்று கேட்டார். வழியெல்லாம் நான் ஆயத்தம் செய்திருந்த வார்த்தைகள் மறந்துபோயின. கூடத்தில் அன்று சொன்ன சொல்லுக்காக மன்னிப்புக் கேட்டேன். அவர் வெகுநேரம் தெருவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவ இருக்கும்போது வந்திருக்கலாம்டா" என்றார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. சற்று நேரம் கழித்து அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, உள்ளே சென்று தேநீருக்கு நீர் வைத்தார். அண்ணி புழங்கிய அதே பித்தளைப் பாத்திரம். வீட்டுப் பங்கைப் பற்றி அன்று நாங்கள் பேசவில்லை. அந்த முதியவர் வண்டல் தெரிந்ததும் புட்டியை நிமிர்த்தியதுபோல், எதைக் கலக்காமல் விடவேண்டும் என்பது எங்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. அன்றிரவு அங்கேயே தங்கினேன். இப்போது மாதம் ஒருமுறை செல்கிறேன். அவருக்குக் காது மந்தமாகிவிட்டது; பேசுவதைவிட அருகில் அமர்ந்திருப்பதே அதிகம். எங்களுக்குக் கிடைத்திருப்பது மீந்த ரசம். அதற்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறேன். இழந்த பதினைந்து ஆண்டுகளும், அண்ணியின் முகத்தில் நான் காணாமற்போன மகிழ்ச்சியும் அந்த மூன்றாவது புட்டியில் இருக்கின்றன. அதைச் சுவையாக இருந்ததாகச் சொல்லி உங்களைத் தேற்றமாட்டேன்.

பிரியமானவர்களே, எல்லாப் புட்டிகளும் காத்திருக்கவேண்டியவை அல்ல. உலகில் செய்யப்படும் திராட்சரசத்தில் பெரும்பகுதி சில ஆண்டுகளுக்குள் அருந்துவதற்கென்றே செய்யப்படுகிறது என்று அந்த முதியவர் சொன்னார். முப்பது ஆண்டு தாங்குவது அரிது. உறவில் விழுந்த விரிசலும் அத்தகையதே. காணிக்கையைப் பலிபீடத்தண்டையில் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு ஒப்புரவாகும்படி மத்தேயு 5-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் கட்டளையிட்டபோது, நல்ல நாள் பார்க்கச் சொல்லவில்லை. நீங்கள் ஒரு சொல்லைச் சொல்லவோ, ஒரு கடிதம் எழுதவோ, ஒரு வாசற்படியை மிதிக்கவோ "ஏற்ற நாள்" வரட்டும் என்று காத்திருக்கிறீர்களா? இவ்வாரத்தில் ஒரு சாதாரண நாள் உங்களுக்கு வரும். ஒருவேளை அது செவ்வாய்க்கிழமையாக இருக்கலாம். அதுவே போதும்.

ஜெபம்: எங்கள் பரலோகப் பிதாவே, நாங்கள் பொறுமை என்று சொல்லிக்கொள்ளும் சோம்பலையும் பெருமையையும் மன்னியும். திறக்கவேண்டிய வேளையில் திறக்க எங்கள் கைகளுக்குப் பெலன் தாரும். பிந்தி வந்தவர்களாகிய எங்களுக்கு மீந்திருப்பதை வீணாக்காதபடி காத்தருளும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.